இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

மாசமாக இருக்கும் பெண்கள் என் தையல் கடைக்கு இரண்டு தடவை வருவார்கள். ஐந்தாம் மாதம் தாண்டியதும் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ள ஒரு தடவை. ஒன்பதாம் மாதத்தில், பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி தைக்கக் கொடுக்க இன்னொரு தடவை. இந்த இரண்டாம் தடவையில்தான் அந்தக் கேள்வி வரும்: "அக்கா, எங்க போனா நல்லது?"

சித்தூரில் இருக்கிறவளுக்கு அது லேசான கேள்வி இல்லை. ஊருக்குள் அரசு மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அப்போலோ மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் தொழில் பழகுவதும் அங்கேதான். அதுபோக நர்சிங் ஹோம்கள் பல. பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாக எழுபது கிலோமீட்டர் போனால் திருப்பதி. அங்கே ரூயா அரசு ஆஸ்பத்திரி, அதை ஒட்டி எல்லாரும் 'மெட்டர்னிட்டி' என்றே சொல்லும் அரசு மகப்பேறு மருத்துவமனை, கொஞ்சம் தள்ளி தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ். எதிர்த்திசையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் இறங்கினால் வேலூர், சி.எம்.சி. நடுவில் மாநில எல்லை. கிரீம்ஸ்பேட்டையில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீடு ஆந்திரா, பிறந்த வீடு குடியாத்தம் என்றால், தலைப்பிரசவம் எந்த மாநிலத்தில் என்பதே முதலில் முடிவாக வேண்டும்.

கடையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே பாத்ரூம் சுத்தம், இங்கே கட்டில் கிடைக்காது, அந்த டாக்டரம்மா சிரித்துப் பேசுவார், இந்த டாக்டரம்மா கத்துவார், அவளுக்கு அறுபதாயிரம் ஆயிற்று, இவளுக்கு ஒரு பைசா ஆகவில்லை. எல்லாமே கேட்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வலி முற்றும்போது அந்தக் கட்டடத்துக்குள் யார் யார் விழித்திருப்பார்கள் என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, அந்த நேரத்தில் தன்னோடு உள்ளே இருக்கத் தன் ஆள் ஒருவரை விடுவார்களா என்பது.

என் இரண்டு பிரசவங்களும் எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தான். ஆஸ்பத்திரிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

மூத்தவள் பிறந்தது இந்த வட்டாரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில். பனிக்குடம் உடைந்து விடியற்காலையில் போனோம். மாமியாரைக் கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், மறைப்புத் துணி கிடையாது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை விரல் கணக்கில் சொல்வார்கள். என் கணக்கை என்னிடம் யாரும் சொல்லவில்லை; என் கால்மாட்டில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வலி தாங்காமல் கத்தியபோது ஓர் ஆயாம்மா சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. பிரசவ அறையில் அந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் என் வயதுப் பெண்களில் குறைவு. படிக்கிற அக்காமார்களுக்கு அது எது என்று தெரியும்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அப்போது அந்த அறை வேறு அறையாகிவிட்டது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்தார்கள். ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி, என் மகள் இப்போது இருக்கிற வயதுதான் இருக்கும், வயிற்றின் மேல் கையை வைத்து விடாமல் பிசைந்தாள். ஒருவர் ஊசி போட்டார். ஒருவர் பிளட் பேங்குக்கு ஓடினார். கண்ணை மூடக்கூடாது என்று ஒரு நர்ஸ் கன்னத்தைத் தட்டித் தட்டித் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரத்தம் ஏறியது. பிழைத்தேன்.

இளையவனுக்கு, கையில் கொஞ்சம் காசு இருந்ததால், தனியார் நர்சிங் ஹோம். அந்த டாக்டரம்மா என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். தனி அறை, துவைத்த படுக்கை, வெந்நீர். இரவு பத்து மணிக்கு வந்து பார்த்தவர், "தண்ணி கம்மியா இருக்கு, கொடி சுத்தியிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்மா" என்றார். என் கணவர் கையெழுத்துப் போட்டார். நான் எதையும் படிக்கவில்லை, யாரும் படிக்கச் சொல்லவுமில்லை. மயக்க ஊசி டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தோம். பையன் பிறந்தான், அழவில்லை. குழந்தை டாக்டர் அங்கே இல்லை. மூச்சுத் திணறுகிறது என்று ஒரு துணியில் சுற்றி ஆம்புலன்சில் வைத்துத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். என் நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டு போனார். நான் அந்தத் துவைத்த படுக்கையில் படுத்துக் கிடந்தேன். பால் சுரந்து மார் கட்டிக்கொண்டது. பிள்ளை முகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. அவன் பிழைத்து வந்தான், இன்று காலேஜில் படிக்கிறான்.

எது நல்ல ஆஸ்பத்திரி? முதல் இடத்தில் என்னை மனுஷியாக நடத்தவில்லை, உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டாம் இடத்தில் மரியாதையாக நடத்தினார்கள், பிள்ளை மூச்சுக்குத் தவித்தபோது கை கொடுக்க ஆளில்லை. எல்லா அரசு ஆஸ்பத்திரியும் அப்படி, எல்லாத் தனியாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உயிரைக் காப்பதும் மனுஷியாக நடத்துவதும் வேறு வேறு கணக்கு. ஒன்றாகக் கலந்து 'நல்லா பாத்துக்கிட்டாங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போதுதான் ஏமாந்துபோகிறோம்.

முதலில் உயிர்க் கணக்கு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்வருகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் ரத்தக் குழாய்களின் வாய் மூடும். சுருங்கவில்லையென்றால், கவனிப்பு இல்லாத ஒரு பெண் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. ஆந்திராவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால்தான் குழந்தை வெளியே வந்த உடனே ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். ரத்தம் எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. இடுப்புக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் வயிறு பிசைவது, மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் சேர்த்தே தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. ஆட்கள் இருந்தார்கள், என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரசவச் சாவுக்கு முன்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்று 1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில் தாமதம். முதல் தாமதம் எங்கள் மண்ணுக்குப் பழைய கதை. 1890களில் திண்டிவனத்தில் மிஷன் டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர் ஓர் இரவு விழித்திருந்தாள். அடுத்தடுத்து மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். 'என் அப்பா வருவார்' என்று அவள் சொன்னபோது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த நாளில் வேலூர் இருந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். அதற்குத் தலைநகரம் எங்கள் சித்தூர். தனிச் சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911இல்.

இன்று முதல் தாமதம் ஏறக்குறைய இல்லை. 2019–21 கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். இரண்டாவது தாமதத்தை 108 ஆம்புலன்ஸ் பெருமளவு குறைத்தது. அந்த வண்டிகள் 2005இல் முதலில் ஓடத் தொடங்கியதே ஆந்திராவில்தான். 2018–20 கணக்கில், லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார்கள் நாடு முழுவதும் 97, தமிழ்நாட்டில் 54, ஆந்திராவில் 45. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால்தான் பிழைப்போம் என்று நினைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வேன். மீதி இருப்பது மூன்றாவது தாமதம், உள்ளே போன பிறகு நடப்பது. மயக்க ஊசி டாக்டர் வருவதற்காக நாங்கள் காத்திருந்தோமே, அதுதான்.

ஆகவே, வாசல் பளிங்காக இருக்கிறதா என்று பார்க்காதே, இதைக் கேள் என்று சொல்கிறேன்: ராத்திரி பிரசவ டாக்டர் இங்கேயே தங்குகிறாரா, போன் போட்டு வரவழைப்பார்களா? மயக்க டாக்டர்? என் வகை ரத்தம் எங்கேயிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்? பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே வைத்துப் பார்க்க முடியுமா, எங்கே அனுப்புவீர்கள், தாயையும் சேர்த்து அனுப்புவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது என் குரல் இன்றும் கொஞ்சம் மாறுகிறது. திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை, 1960இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அங்கே பட்ட மேற்படிப்பு டாக்டர்கள் இரவு முழுக்க டியூட்டியில் இருப்பார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் அங்கே போவதும், அங்கே கூட்டம் நெரிவதும் அதனால்தான். பிபி ஏறியவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவள், இவர்கள் கட்டிலைப் பார்க்காமல் இப்படிப்பட்ட பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஆம்புலன்சில் போவதைவிட, முன்கூட்டியே பதிந்துகொண்டு போவது நூறு மடங்கு மேல்.

இனி ஆபரேஷன். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அதே 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆந்திராவில் மொத்தப் பிரசவங்களில் 42 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 27 சதவீதம், தனியாரில் 63. தமிழ்நாடும் நாம் பெருமைப்படும்படி இல்லை: அரசில் 36, தனியாரில் 64. ஒரு நாட்டில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிக் கூடினால் அதனால் தாய்-சேய் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிவிட்டது. தெருவைத் தாண்டினால் ஒரு பெண்ணின் இடுப்பு மாறிவிடுவதில்லை. 27க்கும் 63க்கும் உள்ள இடைவெளி அவள் உடம்பில் இல்லை. காத்திருக்க ஆள் இருக்கிறார்களா என்பதில் இருக்கிறது.

தலைப்பிரசவத்தில் வலி மெதுவாகத்தான் முன்னேறும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2018இல் கைவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் வரை திறப்பதை ஆரம்பக் கட்டம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகும் தலைப்பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம் என்றது. ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் அந்த டாக்டரும் மனுஷிதான். பகல் முழுக்க ஓ.பி. பார்த்துவிட்டு, ஒருத்திக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மயக்க டாக்டர் இரவு பத்து மணிக்குக் கிடைப்பார், மூன்று மணிக்குக் கிடைக்க மாட்டார். பத்து மணிக்கே கத்தியை எடுத்துவிடுவது அந்த அமைப்பு அவரைத் தள்ளுகிற இடம். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'கொடி சுத்தியிருக்கு' என்ற காரணத்தை மட்டும் இனி யாரும் பயந்து ஏற்றுக்கொள்ள வேண்டாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கிறது. அதுவே அறுப்பதற்குக் காரணம் இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் இரண்டாவதும் ஆபரேஷன்தான் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தகுதியானவர்கள் முயன்று பார்த்தால் நூற்றுக்கு அறுபதிலிருந்து எண்பது பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆனால் பழைய தையல் விடும் அபாயம் கொஞ்சம் உண்டு என்பதால், நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கக்கூடிய இடத்தில்தான் முயல வேண்டும். மறுபடியும் அதே இரவு இரண்டு மணிக் கேள்வி.

நல்ல நேரம் பார்த்து அறுக்கச் சொல்வது தனிக்கதை. ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்து நைட்டி தைக்கக் கொடுத்தவர்கள் உண்டு. 39 வாரம் முடிவதற்குள் மருத்துவக் காரணமில்லாமல் எடுக்கும் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம். நட்சத்திரத்துக்காகப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று தாத்தா பாட்டிகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அடுத்த கணக்குக்கு, மனுஷியாக நடத்தும் கணக்குக்கு வருகிறேன். பிரசவ அறைக்குள் தன் ஆள் ஒருவர் கூட இருப்பது ஆறுதலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பதினேழு நாடுகளில், பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இடைவிடாமல் ஒருவர் கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016லேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியது: பிரசவம் கண்ட பெண் ஒருவரை உடன் இருக்க விடுங்கள், மறைவு வசதி உள்ள இடத்தில் கணவரையும் விடலாம். 2017 டிசம்பரில் வந்த லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைகளில் மறைப்புத் திரை இருக்க வேண்டும் என்பதையும் உடன் ஒருவர் இருப்பதையும் தரக் கணக்கில் சேர்த்தது. திண்டிவனத்தில் அன்று குடும்பம் டாக்டரை உள்ளே விடவில்லை. என் காலத்தில் ஆஸ்பத்திரி குடும்பத்தை உள்ளே விடவில்லை. இரண்டு கதவும் திறந்த ஒரு பிரசவத்தை என் குடும்பத்தில் போன வருடம்தான் பார்த்தேன்.

என் நாத்தனார் மகள். அரசு ஆஸ்பத்திரி. அவள் அம்மாவை, அதாவது என் பிள்ளையை மடியில் வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோன அதே நாத்தனாரை, பச்சை கவுன் மாட்டி உள்ளே விட்டார்கள். முதுகைத் தேய்த்துவிட்டார். கையைப் பிடித்து நடக்கவிட்டார். மல்லாக்கப் படுக்க முடியவில்லை என்றவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். எத்தனை சென்டிமீட்டர் என்று டாக்டரிடம் கேட்டு மகளிடம் சொன்னார். பிள்ளையைத் துடைத்து உடனே அவள் நெஞ்சின் மேல் போட்டார்கள். சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் போயிற்று. வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணி, யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசல" என்றார். ஒரு சாட்சி பக்கத்தில் நின்றால் நாக்கு அடங்குகிறது. கூட வரும் பெண் வெறுமனே நிற்பதிலேயே ஒரு பலன் இருக்கிறது.

நாக்கைப் பற்றிச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் துணி தைக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி ஒரு நாள் கண்கலங்கிச் சொன்னாள்: "அன்பாப் பேச எனக்குத் தெரியாதாக்கா? ஒருத்திக்குத் தலை தெரியுது, ஒருத்திக்கு பிபி ஏறுது, இன்னொருத்திக்கு பிட்ஸ் வருமோன்னு பயமா இருக்கு. ராத்திரி இருக்கறது ரெண்டே பேர். யார்கிட்ட நின்னு பேசறது?" அவள் சொன்னது நியாயம். ஹைதராபாத்தில் பெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011 முதல் மருத்துவச்சிகளைத் தனியாகப் பயிற்றுவிக்கிறது. சிக்கலில்லாத பிரசவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவர்களே கூட இருந்து பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் டாக்டர். மத்திய அரசும் 2018இல் நர்சுகளுக்குப் பதினெட்டு மாத மருத்துவச்சிப் பயிற்சி என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இலங்கையில் வீடு தேடி வரும் அரசு மருத்துவச்சிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். 1930களில் லட்சத்துக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த தாய்மார் சாவை அந்தத் தீவு குறைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் புதுக் கட்டடத்தைவிட இந்தப் பெண்கள்தான் தேவை என்பது என் எண்ணம்.

இன்னொன்று, மொழி. குடிபாலா, நகரி, சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பெண்கள் நிறையப் பேர். நர்சுகள் பாதித் தமிழ் பேசிச் சமாளிப்பார்கள், அதில் குறை இல்லை. ஆனால் கையெழுத்துக் காகிதம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். என் காகிதத்தைப் போல அதைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். எதற்கு ஆபரேஷன், கூடவே கருத்தடை ஆபரேஷனும் எழுதியிருக்கிறதா, வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவள் வலியில் இருப்பவள்தான்.

காசு விஷயம் சுருக்கமாக. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், ஸ்கேன் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், ஆபரேஷனுக்கு ஏழு நாள் சாப்பாடும் உண்டு. பிள்ளையோடு வீட்டில் கொண்டுபோய் விட ஆந்திராவில் 102 வண்டி, தல்லி பிட்டா எக்ஸ்பிரஸ். ஸ்ட்ரெச்சர் தள்ளியதற்கும் பிள்ளையைக் காட்டியதற்கும் கை நீட்டும் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று கேட்டதை நானே கொடுத்திருக்கிறேன். கேட்டால் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரி நிர்வாக டாக்டரான ஆர்.எம்.ஓ. அறையில் எழுதிக் கொடுங்கள்.

எல்லை தாண்டிப் பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கடைசி மாதம்வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். பிக்மி நம்பர் என்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு உரியது. அதை நம்பி ஆந்திர முகவரியோடு போய் ஏமாந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பணத்தைவிட முக்கியம் பழைய ரிப்போர்ட்டுகள். ஆந்திராவில் ஆஷா அக்கா கொடுத்த தாய்-சேய் அட்டை, ரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, எல்லா ஸ்கேன்களும், முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, இவை கையில் இல்லாமல் நடுராத்திரி புது ஊரில் போய் நின்றால், அங்கே டியூட்டியில் இருக்கும் டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு டாக்டர் இலவசமாகப் பார்க்கிறார். ஏழாம் மாதத்து ஒன்பதாம் தேதி அங்கே போய், இதில் எழுதியிருக்கும் கேள்விகளை எல்லாம் அவரிடம் கேளுங்கள். கூட வரப்போகிற பெண்ணையும் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்.